கெண்டி வனையப் போகிறவர்களுக்கு

சக்கரத்தில் உட்கார்ந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு குவளை கோணாமல் வந்துவிட்டால் போதும், கேட்டுவிடுவார்கள்: "ஐயா, டீ பாட் எப்போ சொல்லித் தருவீங்க?" நான் பதில் சொல்லாமல் அடுத்த மண்ணுருண்டையை எடுத்துக் கையில் கொடுப்பேன். இப்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை ஒத்துழைப்பதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன். பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். சேறு தெறித்தால் தெறிக்கட்டும்.

நான் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் குயவர் வீட்டில் பிறந்தவன். அப்பா கோலால் சுற்றிவிடும் சக்கரத்தில் பொங்கல் பானையும் கார்த்திகை அகலும் வனைந்தார். நான் பிழைப்புக்குப் பாண்டிச்சேரி வந்து ஸ்டோன்வேர் பழகினேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இந்த வட்டாரத்து ஸ்டோன்வேர் பட்டறைகளில் பலவற்றின் வேரைத் தேடிப்போனால் அங்கேதான் போய் நிற்கும். பட்டறையில் எல்லோரும் டீ பாட் என்றார்கள். எங்கள் வீட்டில் மூக்கு வைத்த பாத்திரத்துக்குக் கெண்டி என்றுதான் பெயர். நான் கெண்டி என்றே சொல்லிப் பழகிவிட்டேன், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. கெண்டி ஒரு பானை இல்லை. உடல், மூடி, மூக்கு, பிடி, உள்ளே சல்லடை என்று ஐந்து வேலை. ஒவ்வொன்றையும் தனியாகச் செய்துவிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஐந்தையும் ஒரே பதத்தில் ஒரே பலகைக்குக் கொண்டுவருகிறவர்கள்தான் குறைவு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் அன்றைய அதிரசம் போச்சு. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். மண்ணும் அப்படித்தான். கெண்டியில் தோற்கிறவர்கள் கை வராமல் தோற்பதில்லை. பதம் தவறித் தோற்கிறார்கள்.

2. மண்ணில் கைவைப்பதற்கு முன், எத்தனை பேருக்கு டீ என்று முடிவு செய்யுங்கள். இரண்டு பேருக்கு அரை லிட்டர் போதும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இதில் எல்லோரும் ஏமாறுவார்கள். நாம் பயன்படுத்தும் மண், காய்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும். பன்னிரண்டு தானே என்று நினைக்காதீர்கள். அது நீளத்தில் பன்னிரண்டு, அகலத்தில் பன்னிரண்டு, உயரத்தில் பன்னிரண்டு. மூன்றையும் பெருக்கினால், ஈரத்தில் ஒரு லிட்டர் கொள்ளும் உடல் சூளையிலிருந்து வரும்போது 680 மில்லிதான் கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. "நான் பெரிதாகத்தானே செய்தேன்" என்று யாரும் என்னிடம் வரவேண்டாம்.

3. மண்ணைப் பிசையுங்கள். நூறு தரம் பிசைந்தேன் என்று எண்ணிக்கை சொல்லாதீர்கள். நூலால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் ஊசிக்கண் அளவு குமிழ்கூட இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மண்ணைக் காலால் மிதிப்பது அம்மாவின் வேலை. மிதிக்கும்போது குதிகாலில் ஒரு சிறு கல் தட்டுப்பட்டாலும் குனிந்து எடுத்து எறிவார். அந்தக் குதிகாலுக்கு இருந்த அறிவு என் விரலுக்கு வரப் பத்து வருஷம் ஆனது.

4. உடல், மூடி, மூக்கு மூன்றையும் ஒரே நாளில், ஒரே மண்ணில், ஒரே உட்காரலில் வனையுங்கள். இன்று உடல், அடுத்த சனிக்கிழமை மூக்கு என்று பிரித்துவைக்காதீர்கள். காய்ந்த உடலில் ஈர மூக்கை ஒட்டினால், மூக்கு சுருங்கும்போது உடல் கூடவே வராது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விழும். அது முதலில் கண்ணுக்குத் தெரியாது. கிளேஸ் போட்டுச் சுட்ட பிறகு, விலை சொல்லி விற்ற பிறகு, வாங்கியவர் வீட்டு மேசைவிரிப்பில் தெரியும்.

மூக்கு மட்டும் ஒன்றுக்கு மூன்றாக வனைந்துவையுங்கள். மூடி இரண்டு. உடலோடு சேர்த்துவைத்துப் பார்த்தால்தான் எது எதற்குப் பொருத்தம் என்று தெரியும். ஜாதகம் பார்த்துச் சேர்க்கிற வேலை இல்லை இது. நேரில் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

5. உடலுக்கு ஒரு கிலோ மண் போதும். மண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து திறந்ததும், அடியை உள்ளிருந்து விரலால் நன்றாக அழுத்தி அழுத்தித் தேயுங்கள். அடியை அழுத்தாமல் விட்டால் காயும்போது நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி வெடிக்கும். சுவர் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இருக்கட்டும். வயிறு உருண்டையாக இருந்தால் நல்லது. இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஊர்ச் சிவப்பு மண்ணில் செய்த பிரவுன் பெட்டி என்ற பழைய கெண்டி ஒன்று உண்டு. பார்க்கச் சாதாரணமான, குண்டான பாத்திரம். உள்ளே தேயிலை சுழன்று விரிய இடம் இருக்கிறது. அதனால்தான் அது இத்தனை காலம் நிற்கிறது. முக்கோணம், சதுரம் எல்லாம் ஐம்பதாவது கெண்டியில் பார்க்கலாம்.

உள்ளே தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்த பிறகுதான் கழுத்தைக் குறுக்க வேண்டும். குறுக்கிய பிறகு ஸ்பாஞ்ச் உள்ளே போகாது. குச்சி நுனியில் ஸ்பாஞ்சைக் கட்டிக்கொண்டு அல்லாடுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

6. மூடி உட்காரும் படியை உடல் வனையும்போதே எடுத்துவிடுங்கள். விளிம்பைக் கொஞ்சம் தடிமனாக விட்டு, அதன் உள்பாதியை மட்டும் நகக்கண்ணால் கீழே அமுக்கினால் ஒரு படி கிடைக்கும். அந்தப் படியின் அகலத்தைக் காலிப்பரால் உடனே, ஈரத்திலேயே, அளந்து மூடியை வனையுங்கள். நாளைக்கு அளக்கலாம் என்றால் நாளைக்கு அது வேறு அளவு.

மூடிக்கு அடியில் ஒரு வளையம் கீழே இறங்க வேண்டும், ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டராவது. டீ ஊற்றக் கெண்டியைச் சாய்க்கும்போது மூடி கழன்று கோப்பையில் விழாமல் பிடித்துக்கொள்வது அந்த வளையம்தான். ஜப்பானில் டோகோனாமே ஊர்க்காரர்கள் மூடியையும் வாயையும் சுட்ட பிறகு ஒன்றோடொன்று தேய்த்து இழைத்துப் பொருத்துவார்கள். திருகினால் காற்றில் மிதப்பது போலச் சுழலும். அதைப் பார்த்துவிட்டு முதல் மாதமே அப்படி வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மூடி ஒரு நூலளவு ஆடலாம். கிளேஸுக்கும் இடம் வேண்டுமே.

7. இப்போது மூக்கு. இதற்கு நிதானமாக உட்காருங்கள்.

இருநூற்றைம்பது கிராம் மண்ணை எடுத்து, அடி அகன்று நுனி குறுகிய குழல் ஒன்று வனைய வேண்டும். நாதஸ்வரத்தைக் கவிழ்த்துவைத்த மாதிரி. ஒரே இழுப்பில் உயரம் எடுக்கப் பார்த்தால் முறுக்கிக்கொண்டு விழும். மூன்று இழுப்பில் உயர்த்துங்கள். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடிப்பது போலச் சுற்றிப் பிடித்துக் குறுக்குங்கள். விரல் உள்ளே போகாத அளவு குறுகியதும் ஒரு பென்சிலையோ மூங்கில் குச்சியையோ உள்ளே விட்டு இழுங்கள். நுனியைத் தேவைக்கு இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகவே விடுங்கள். வெட்டலாம், ஒட்ட முடியாது.

மூக்கு போகப் போகக் குறுக வேண்டும் என்பதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. அகன்ற இடத்திலிருந்து குறுகலுக்கு வரும்போது டீ வேகம் எடுக்கும். வேகமாக வருவது துல்லியமாக விழும். அடியும் நுனியும் ஒரே அகலமாக இருக்கிற மூக்கில் டீ சோம்பேறித்தனமாக வந்து, பாதி கோப்பையிலும் பாதி கெண்டியின் வயிற்றிலும் வழியும்.

இன்னொன்று. சக்கரத்தில் வனைந்த மூக்குக்குள் ஒரு முறுக்கு ஒளிந்திருக்கிறது. நாம் இழுக்கும்போது மண் துகள்கள் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. சூளைச் சூட்டில் மண் இளகும்போது அந்தச் சுற்று கொஞ்சம் நகரும். நேராக வெட்டி ஒட்டிய மூக்கின் நுனி ஒரு பக்கம் சாய்ந்து வெளியே வரும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல் ஆறு கெண்டியும் வாயைக் கோணிக்கொண்டு வந்தபோது, என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஜப்பானியர் பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சக்கரத்தைச் சுற்றுவார்கள், மேற்கத்தியர் இடஞ்சுழியாக. மின் சக்கரத்தில் இரண்டுக்கும் சுவிட்ச் உண்டு. எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். முதல் கெண்டியின் நுனியை நேராக வெட்டிச் சுட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, அடுத்ததை அதற்கு எதிர்ப்பக்கமாக அந்த அளவு சாய்த்து வெட்டுங்கள். இந்த அளவு புத்தகத்தில் கிடைக்காது. உங்கள் மண், உங்கள் கை, உங்கள் சூளை, மூன்றும் சேர்ந்து சொல்ல வேண்டியது.

8. வனைந்ததை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் ராத்திரி முழுக்க மூடிவையுங்கள். காலையில் ஈரம் எல்லாவற்றிலும் ஒன்றாகியிருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் லெதர் ஹார்ட் என்பார்கள். அப்பாவுக்கு அது தட்டுகிற பதம். எங்கள் பானைகளுக்குச் சக்கரத்தில் அடி இருக்காது. அடியில்லாமல் அறுத்தெடுத்து, இந்தப் பதம் வரும்வரை காத்திருந்து, உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை விழ வேண்டும், பள்ளம் விழக் கூடாது. அந்தப் பதத்தில்தான் உடலையும் மூடியையும் கவிழ்த்துப்போட்டுச் சீவ வேண்டும். சீவல் நீளமாகச் சுருண்டு விழும். பொடியாக உதிர்ந்தால் நேரம் கடந்துவிட்டது. கத்தியில் ஒட்டினால் இன்னும் வரவில்லை.

9. சல்லடைத் துளைகளைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள். மூக்கை உடலில் வைத்துச் சுற்றிலும் கோடு கிழித்துக்கொண்டு, கோட்டுக்குள் துளையிடுங்கள். கணக்கு எளிது. நுனியில் பன்னிரண்டு மில்லிமீட்டர் வாய் உள்ள மூக்குக்கு, நான்கு மில்லிமீட்டர் துளை ஒன்பது இருந்தால்தான் சமம். சமமாக இருந்தால் போதாது, தேயிலை வந்து பாதியை அடைத்துக்கொள்ளும். கிளேஸும் துளையைச் சின்னதாக்கும். அதனால் ஐந்து மில்லிமீட்டரில் பதினைந்தாவது போடுங்கள். துளையின் ஓரத்தில் நிற்கும் பிசிறை ஈரத்தில் நோண்டாதீர்கள், துளைக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு விரலால் தட்டினாலே உதிர்ந்துவிடும்.

10. மூக்கின் நுனி, கெண்டியின் வாய்க்குக் கீழே போகக் கூடாது. இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன்.

முதன்முதலில் ஒழுங்காக வந்த கெண்டியைத் தூக்கிக்கொண்டு எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரிடம் போனேன். நல்ல பச்சை கிளேஸ், வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த மூக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திறந்து, ஒரு சொம்பிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றினார். முக்கால் பாகம் நிறைவதற்குள் மூக்கு வழியாகத் தண்ணீர் தானாகவே மேசையில் கொட்ட ஆரம்பித்தது. அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. தண்ணீர் மேசையில் ஓடி, என் வேட்டியில் சொட்டும்வரை ஊற்றினார். பிறகு சொம்பை வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலை மூக்கு நுனியிலிருந்து வாய்வரை காற்றில் கிடையாக ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான் பாடம்.

சீனாவில் மூடியை எடுத்துவிட்டுக் கெண்டியை மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்ப்பார்கள். மூக்கு நுனி, வாய், பிடியின் மேல்வளைவு மூன்றும் மேசையைத் தொட வேண்டும். நான் மூக்கை ஒரு சுண்டுவிரல் அகலம் கூடுதலாகவே உயர்த்தி வைப்பேன். சூளையில் மூக்கு கொஞ்சம் தலைகுனியும் என்று எனக்குத் தெரியும். சீனாவைச் சொன்னதால் ஒன்று: ஜியாங்சு மாகாணத்து யிஷிங் ஊதா மண் கெண்டிகளின் படத்தைக் காட்டி, "இதைச் சக்கரத்தில் செய்துகாட்டுங்கள்" என்று கேட்கிறீர்கள். அவை சக்கரத்தில் வனைந்தவையே இல்லை. மண்ணைப் பலகையால் தகடாகத் தட்டி, வளைத்து, ஒட்டி, மறுபடி தட்டி உருவாக்குகிறார்கள். எங்கள் அப்பா பார்த்திருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருப்பார்.

ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, சேற்றுக்குழம்பு தடவி, அழுத்திப் பிடித்து லேசாக அசையுங்கள். இனி அசையாது என்று கைக்குத் தெரியும் ஒரு கணம் வரும். அப்போது விடுங்கள். மூக்கு நுனியில் ஈரத்துணி சுற்றிவிடுங்கள். இருப்பதிலேயே மெல்லிய இடம் அதுதான், முதலில் காயப் பார்க்கும்.

11. டீ சொட்டுகிறது என்பதுதான் உலகம் முழுக்கக் கெண்டி வாங்கியவர்களின் புகார். ஊற்றி முடித்ததும் கடைசிச் சொட்டு மூக்கின் அடிப்புறமாகத் தவழ்ந்து வந்து மேசைவிரிப்பில் வட்டம் போடும். இதைப் பெரிய விஞ்ஞானிகளே உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். மார்கஸ் ரெய்னர் என்பவர் 1956-ல் இதற்கு 'டீ பாட் விளைவு' என்று பெயரே வைத்தார். அடுத்த வருஷம் ஜோசப் கெல்லர் என்ற கணித அறிஞர், டீயை மூக்கோடு ஒட்டவைப்பது வெளிக்காற்றின் அழுத்தம் என்று கணக்குப்போட்டுக் காட்டினார். சொட்டாத மூக்கு எப்படி இருக்க வேண்டும் என்று பிறகு கணக்குப்போட்டதற்காக 1999-ல் அவருக்கும் அவரோடு உழைத்த வாண்டன்-புரோக்குக்கும் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது.

பட்டறைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. மெதுவாக வருகிற டீ ஒட்டும், வேகமாக வருவது பிய்த்துக்கொண்டு விழும். உருண்ட உதடு டீயைத் தன்னோடு கீழே அழைத்துப்போகும், கூர்மையான உதடு அறுத்துவிடும். அதனால் மூக்கு நுனியின் கீழ் உதட்டை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து மழுக்காதீர்கள். எங்கள் பட்டறையில் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு இதுதான். குவளை விளிம்பை வழவழப்பாக்கச் சொல்லிக்கொடுத்தேன். அதே பழக்கத்தில் மூக்கையும் வழித்துவிடுகிறார்கள். கத்தியால் ஒரே வெட்டு, அப்படியே விடுங்கள். கிளேஸும் அந்த ஓரத்தில் தடிமனாகத் தேங்காமல் ஒற்றி எடுங்கள்.

12. பிடியைக் கடைசியில் வையுங்கள். ஈரக் கையால் மாட்டின் மடியில் பால் கறப்பது போல மண்ணை நீவி நீவி இழுக்க வேண்டும். உருட்டி ஒட்டிய பிடி பிடியாகாது, பார்த்தால் குழாய் மாதிரி இருக்கும். இழுத்த மண்ணின் உடம்பில் ஒரு ஓட்டம் இருக்கும். வளைத்தால் தானாகவே தன் வளைவைக் கண்டுபிடிக்கும்.

நிறைந்த கெண்டி ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், உள்ளே கொதிநீர். விரல் முட்டிகள் வயிற்றில் படாமல் இருக்க, சுட்ட பிறகு இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். அதற்காக ரொம்பத் தள்ளி வைத்தால் மணிக்கட்டு வலிக்கும். என் மனைவிக்கு விரலில் மூட்டுவலி வந்த பிறகுதான் நான் வருஷக்கணக்காக வைத்த பிடிகளெல்லாம் ஆண்பிள்ளைக் கைக்கு வைத்தவை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு மேலே இரண்டு காது மட்டும் ஒட்டி, சுட்ட பிறகு பிரம்பை வளைத்து மாட்டத் தொடங்கினேன். பிரம்புப் பிடி சுடாது, உடைந்தால் மாற்றலாம். இப்போது நான் வனைவதில் பாதிக்குமேல் அதுதான்.

13. மூடியில் ஒரு மூச்சுத்துளை. மறந்தால் டீ 'களக் களக்' என்று விக்கி விக்கி வரும்.

14. காயவைப்பதை ஊருக்கும் மாதத்துக்கும் ஏற்றபடி செய்யுங்கள். கத்திரி வெயிலில் பிடி அரை மணியில் வெளுத்துவிடும், உடல் அப்போதும் பச்சையாக இருக்கும். அந்த இழுபறியில் பிடியின் மேல்மூட்டு தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு வாரம் ஆனாலும் அடி ஈரமாகவே இருக்கும். எந்த மாதமானாலும் முதல் மூன்று நாள் பிளாஸ்டிக்குக்குள். பிறகு பிடிக்கும் மூக்குக்கும் மட்டும் மூடாக்கு. கடல்காற்று வீசும் ஜன்னலைச் சாத்திவையுங்கள். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. சூளையில் வெடிப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான்.

15. முதல் சூடு 950, 1000 டிகிரி. நூறு டிகிரியைத் தாண்டும்வரை ஆமை வேகம். 573 டிகிரியில் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே அவசரப்படாதீர்கள். கிளேஸ் போட்ட பிறகு இரண்டாவது சூடு 1280, 1300.

மூடி உட்காரும் படியிலும் மூடியின் ஓரத்திலும் மெழுகு தடவிவிட்டுத்தான் கிளேஸில் முக்க வேண்டும். பிறகு ஈர ஸ்பாஞ்சால் ஒரு தரம் துடையுங்கள், வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பாருங்கள். மூடியைக் கெண்டியின் மேலேயே வைத்துச் சுடுங்கள். கோணினாலும் இரண்டும் சேர்ந்து கோணும். ஒரு விடுதிக்குப் பன்னிரண்டு கெண்டி செய்தேன். நாளைக்குக் கொடுக்க வேண்டும், இன்று சூளை திறக்கிறேன். துடைப்பதை ஒரு பையனிடம் விட்டுவிட்டு நான் விறகு பார்க்கப் போயிருந்தேன். ஏழு மூடி கிளேஸில் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. மரக்கட்டையால் ஓரத்தில் தட்டித் தட்டி நான்கைப் பிரித்தேன். மூன்று இன்றைக்கும் திறக்கவில்லை, பட்டறை வாசலில் இருக்கிறது. வருகிறவர்கள் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். தப்பு பையனுடையது இல்லை; பார்க்க வேண்டியவன் நான்.

16. ஈயம் கலந்த கிளேஸை உணவுப் பாத்திரத்தில் தொடவே தொடாதீர்கள், எவ்வளவு பளபளத்தாலும் சரி. எலுமிச்சை பிழிந்த டீயில் அது கரைந்து வரலாம். அதேபோல் பட்டறைத் தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மண்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடையுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தொழில்காரர்கள் இருமி இருமிப் போவதைப் பார்த்தவன் நான்.

17. கெண்டியை அடுப்பில் வைக்கக் கூடாது. ஸ்டோன்வேர் 1300 டிகிரியைப் பார்த்ததுதானே என்று கேட்பார்கள். சூளையில் அது பல மணிநேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. கேஸ் அடுப்பு அடியில் மட்டும் ஒரே நிமிடத்தில் சுடும், விரிந்த அடி விரியாத சுவரைப் பிளக்கும். நம் வீடுகளில் டீ என்பது பாலும் தூளும் சேர்த்துப் பாத்திரத்தில் கொதிக்கவைப்பதுதான். தேயிலைமேல் வெந்நீர் ஊற்றி மூடி வைப்பது நம் பழக்கம் இல்லை. அதனால் விற்கும்போது வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்: முதலில் வெந்நீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டுங்கள், பிறகு தேயிலை போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள், பாலைக் கோப்பையில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு நான் கொடுத்த கெண்டியில் அவள் பத்து வருஷமாக மோர் ஊற்றுகிறாள். நன்றாகத்தான் ஊற்றுகிறது.

18. சூளையிலிருந்து வந்ததும் படம் எடுக்காதீர்கள். தண்ணீர் நிரப்புங்கள். மூக்கு வழியாகத் தானாகக் கொட்டுகிறதா, ஊற்றும்போது விக்குகிறதா, நிறுத்தினால் சொட்டுகிறதா, நன்றாகச் சாய்த்தால் மூடி நிற்கிறதா, ஒரு கையால் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். ஊற்றிப் பார்க்காத கெண்டியை என் பட்டறையில் யாரும் கெண்டி என்று சொல்ல விடமாட்டேன். முதல் பத்தும் எதிலாவது தவறும். எதில் தவறியது என்று அடியில் பென்சிலால் எழுதி, தேதி போட்டு அடுக்கிவையுங்கள். என்னுடைய முதல் பத்தில் இரண்டு இன்னும் மாடத்தில் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மூன்று சக்கரம் காலியாக இருக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள். மண் முந்தின நாளே பிசைந்து மூடி வைத்திருப்பேன். இரண்டாவது வாரத்திலிருந்து நீங்கள்தான் பிசைய வேண்டும்.